கடை வாசலில் ராட்சத பலூன்: ஆடிக்காற்றில் நிறுத்துவது எப்படி?

ஆடித் தள்ளுபடியும் ஆடிக்காற்றும் ஒரே மாதத்தில்தான் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி எங்கள் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளே ஓடுகின்றன. அதே காற்றில்தான் நம் பலூனும் நிற்க வேண்டும்.

1. எந்த வகை?
ஹீலியம் அடைத்து மேலே பறக்கவிடுவது ஒன்று, ப்ளோயர் (காற்றடிக்கும் மின்விசிறி) வைத்துத் தரையில் நிறுத்துவது இன்னொன்று. திறப்பு விழா, கண்காட்சிக்கு இரண்டாவதுதான் என் சாய்ஸ். தையல் வழியாகக் காற்று கசிகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ப்ளோயர் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

2. ஆர்டர்
வாட்ஸ்அப்பில் வந்த லோகோவை அனுப்பினால் ஐந்து மீட்டர் உயரத்தில் கலங்கித் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வெக்டர் ஃபைலை டிசைனரிடம் வாங்கிக் கொடுங்கள். பலூனில் கடைப் பெயர் மட்டும் போதும். தள்ளுபடி வாசகத்தை வெல்க்ரோ வைத்த தனித் துணியில் கேளுங்கள். தீபாவளிக்குத் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

3. கட்டுவது
தலைவலியே இங்குதான். ஐந்து மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம் உள்ள பலூனை மணிக்கு 20 கி.மீ. காற்று ஏறத்தாழ 28 கிலோ பலத்தில் தள்ளும். வேகம் 40 ஆனால் அது இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்: 110 கிலோவுக்கு மேல்.

மண் தரை என்றால் நீளமான இரும்பு முளைகளை, தலை பலூனுக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள். தார், சிமெண்ட் தரைக்கு மணல் மூட்டைதான். காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் சுமையைத் தாங்கும். ஆடியில் அது மேற்கு. சிமெண்ட் சாக்கு நிறைய மணல் போட்டால் ஐம்பது கிலோ வரும், ஆனால் மூட்டை தரையில் இழுபடும் என்பதால் மேற்கு மூலை ஒவ்வொன்றுக்கும் மூன்று, மற்ற மூலைகளுக்கு இரண்டு என்று வைக்கிறேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இதற்கு உதவாது.

கயிறு பலூனின் மேல் பாதியிலிருந்து சாய்வாக இறங்க வேண்டும். அடியில் மட்டும் கட்டினால் தலை குப்புற விழும். நைலான் கயிறு நீண்டு தொய்ந்துவிடும். எனக்கு லாரியில் லோடு கட்டும் ராட்செட் பெல்ட்தான் பிடிக்கும். மின்கம்பத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

4. கரண்ட்
ஒரு எச்.பி. ப்ளோயருக்கே 746 வாட். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகும், தனி பிளக் கொடுங்கள்.

5. எப்போது இறக்குவது?
குழந்தைகள் குதிக்கும் பலூன்களுக்கு ஐரோப்பியத் தரவிதி வைத்திருக்கும் எல்லை மணிக்கு 38 கி.மீ. நானும் அதைத் தாண்டுவதில்லை. சின்ன மரங்கள் முழுதாக ஆட ஆரம்பித்தாலே ப்ளோயரை நிறுத்தி ஜிப்பைத் திறந்துவிடுவேன். ஓனர் முறைத்தாலும் சரி. ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும்.

பிற்சேர்க்கை: "மதியத்துக்கு மேல் பலூன் தொங்குகிறது" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் ஜிப் முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ப்ளோயர் காற்று உறிஞ்சும் வாய். நாம் கொடுத்த நோட்டீஸே பறந்துபோய் அதில் ஒட்டியிருக்கும். ப்ளோயரை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, முன்னால் ஒரு வலை கட்டிவிடுங்கள்.