பழைய தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்கான மின்னூலாக்குவது எப்படி

ஸ்கேன் செய்த பக்கங்களை வரிசையாக அடுக்கி, ஒரு பிடிஎஃப் ஆக்கி, மின்னூல் என்று பெயர் போட்டுப் பகிர்வது நம்மிடம் பரவலாக நடக்கிறது. செல்லரிக்கும் புத்தகத்தைக் காப்பாற்ற அது அவசியமான முதல் வேலை, அதைச் செய்பவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடிவிடும், பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதிலிருந்து ஒரு வரிகூடப் படித்துக் காட்டாது. உள்ளே எழுத்து எழுத்தாகவே இருந்தால்தான் அது மின்னூல். அந்த நிலைக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கருவிகள் எல்லாம் இலவசம், பொறுமைதான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இதற்கு முன்னோடி நம்மிடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார்கள். வரிசையில் முதல் நூல் திருக்குறள். தொடக்கத்தில் மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு இன்றைய பொதுத் தரமான யூனிகோடு என்று குறியாக்கம், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் முறை, மாறிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு முறையும் நூல்கள் அடுத்த குறியாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் வைத்திருந்தது எழுத்து என்பதால்தான் அது முடிந்தது.

உரிமையை முதலில் பாருங்கள்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். அதாவது 1964இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு வந்தது. மறைவுக்குப் பிறகுதான் முதன்முதலாக அச்சானது என்றால், அச்சான ஆண்டை வைத்து அதே 60ஐக் கணக்கிட வேண்டும். இலங்கையில் மறைவுக்குப் பிறகு 70 ஆண்டுகள். இதைத் தவிரத் தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற வழியும் உண்டு. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது, அதன் பிறகு எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள் அப்படி மக்களுக்கு வந்திருக்கின்றன. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு நாட்டுடைமையாக்கிய நூலை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது மூலத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற விஷயங்களை. சங்கப் பாடல் எல்லோருக்கும் பொது, ஆனால் அதற்கு 1990களில் ஒருவர் எழுதிய உரை அவருடையது. முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம், உள்ளே இருக்கும் கோட்டோவியம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. பழைய பத்திரிகை இதழ் என்றால் இன்னும் சிக்கல், ஒவ்வொரு கதைக்கும் கட்டுரைக்கும் ஆசிரியர் வேறு என்பதால் ஒவ்வொருவராகப் பார்த்தாக வேண்டும். சந்தேகமாக இருக்கும் பகுதியை விட்டுவிட்டு மீதியை வெளியிடுங்கள்.

எழுத்தைப் பெறுவது

வேலையைத் தொடங்கும் முன் மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல் என்றால் நூலகம் தளம், இவற்றில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நூலைத் தட்டச்சு செய்வது வீண்.

இல்லையென்றால் பக்கங்களை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்யுங்கள். பொடி எழுத்து என்றால் 400. கைபேசியில் எடுத்தாலும் போதும், ஆனால் புத்தகத்தின் நடுமடிப்பில் வரி வளையாதபடி கண்ணாடியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் ஓசிஆருக்கு வளைந்த வரிதான் முதல் எதிரி. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் அதுவே எழுத்தாக்கித் தரும், தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கணினியிலேயே செய்ய விரும்பினால் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது. ஒரே மூச்சில் முழு நூலையும் போடாமல் பத்துப் பத்துப் பக்கமாகப் போட்டால் எந்தப் பக்கம் விட்டுப்போனது என்று தெரியும்.

அச்சகத்திலிருந்தோ ஆசிரியரின் கணினியிலிருந்தோ பழைய கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அது பெரும்பாலும் பாமினி, வானவில், டாப், டாம் போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகிவிடும். மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சரியான எழுத்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய முறையில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றி சறுக்குவது அங்கேதான்.

துப்புரவு: உண்மையான வேலை இதுதான்

ஓசிஆர் கொடுத்ததை அப்படியே மின்னூலாக்கி வெளியிட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. தமிழ் எழுத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் தவறாக இருக்கும் பிழைகள் நிறைய உண்டு. வாசகர் படித்துவிடுவார், தேடுபொறி கண்டுபிடிக்காது, திரைவாசிப்பான் உளறும்.

முதலாவது, காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள குழப்பம். அவர்கள் என்பதில் ர் வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன் மேல் புள்ளியுமாக இருக்கும், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். துணைக்கால் மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால் அந்தச் சேர்க்கையைத் தேடி மொத்தமாக ர் என்று மாற்றிவிடலாம். அடுத்தது ஔ. ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்துவைத்திருப்பார்கள், கௌரவம் என்பதில் கெ எழுதி ள போட்டிருப்பார்கள். இதை மொத்தமாக மாற்றக் கூடாது, கெளுத்தி மீனின் பெயரும் சிதைந்துவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது தமிழ் எண்கள். எகரத்துக்குப் பதில் ஏழின் குறியான ௭, அகரத்துக்குப் பதில் எட்டின் குறியான ௮, உகரத்துக்குப் பதில் இரண்டின் குறியான ௨ வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு சொல்லுக்குள் எண் இருந்தால் அது பிழைதான், தேடினால் சிக்கிவிடும்.

கொ, கோ போன்ற எழுத்துகளில் இரண்டு பக்கமும் வரும் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உரை முழுவதையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டால் எல்லாம் ஒற்றைக் குறியாகிவிடும், பைத்தான் நிரல்மொழியில் அது ஒரு வரி. இணையத்திலிருந்து நகலெடுத்த உரை என்றால் அகலமே இல்லாத மறைகுறிகளும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

அப்புறம் உடைந்த சொற்கள். தமிழ் அச்சில் வரி முடிவில் இடம் போதாவிட்டால் இணைப்புக் கோடு போடாமலேயே சொல்லை உடைத்துவிடுவார்கள், வரிகளைச் சேர்க்கும்போது "அவர்க ளுக்கு" என்று நடுவில் இடைவெளி விழும். இதைப் பிடிக்க நம் இலக்கணமே கைகொடுக்கிறது. ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே இடைவெளியை அடுத்து இந்த ஐந்தில் ஒன்று வரும் இடங்களைத் தேடினால் கிடைப்பதெல்லாம் அநேகமாக உடைந்த சொல்தான். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் சொற்களையும் இப்படியே தேடுங்கள், ஸ்டேஷன், ப்ளேட் போன்ற பிறமொழிச் சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சேர்க்கலாம். லிப்ரே ஆபிஸ் என்ற எழுதுசெயலியின் தேடல் பெட்டியில், ஒரே மாதிரி அமைந்த இடங்களையெல்லாம் தேடித் தரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியை இயக்கினால் இவை எல்லாவற்றையும் அங்கேயே செய்துவிடலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். ஓசிஆர் சிலவற்றைச் சரியாகப் பிடிக்கும், சிலவற்றை வேறு எழுத்தாக்கிவிடும். அந்த இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று திரையைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி வரியாக. முடிந்தால் நீங்கள் திருத்தியதை இன்னொருவர் பார்க்கட்டும், விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்: ஆசிரியரின் சந்தியையும் நடையையும் இன்றைய வழக்குக்கு மாற்றாதீர்கள். அவர் ஒற்று போடாமல் எழுதியிருந்தால் போடாமலேயே இருக்கட்டும். தெளிவான அச்சுப்பிழையைத் திருத்தினால் நூலின் முடிவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இபப் ஆக்குவது

மின்னூலுக்கான பொதுவான கோப்பு வடிவம் இபப். அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அது ஒரு ஜிப் பெட்டகம்தான், உள்ளே இணையப் பக்கங்களும் அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பும் உள்ளடக்கப் பட்டியலும் இருக்கும். 2007இல் தரமாக வந்தது, 2011இல் மூன்றாம் பதிப்பு வந்தது, இப்போது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே இதையும் பார்த்துக்கொள்கிறது. தமிழுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை, யூனிகோடு இருந்தால் போதும்.

லிப்ரே ஆபிஸில் அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் 1 என்ற பாணியைக் கொடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவது போதாது, அந்தப் பாணியை வைத்துத்தான் உள்ளடக்கம் தானாக உருவாகும். பிறகு இபப் ஆக ஏற்றுமதி செய்யலாம், அல்லது காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு மாற்றலாம். நுணுக்கமாகத் திருத்த சிஜில் என்ற இபப் திருத்தி நல்லது. நூலின் மொழி தமிழ் என்று விவரப் பகுதியில் குறிப்பிட மறக்காதீர்கள், அது ஆங்கிலம் என்று இருந்தால் வாசித்துக் காட்டும் செயலி தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்காமல் போகலாம்.

தோற்றத்தில் தமிழுக்கென்று சில விஷயங்கள். இரண்டு ஓரமும் நேராக வருமாறு அமைக்காதீர்கள், நம் சொற்கள் நீளமானவை, கைபேசித் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும், இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரம் வேண்டாம், சில செயலிகள் கொ என்பதைக் கொம்பு வேறு கால் வேறாகப் பிய்த்துவிடும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது, மேற்கோள்குறி போதும். செய்யுளில் சீர்களையும் அடிகளையும் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நிறுத்தாமல், ஒவ்வோர் அடியையும் தனி வரியாக்கி, மடங்கி வரும் பகுதி உள்தள்ளி வருமாறு சிஎஸ்எஸ்ஸில் சொல்லுங்கள். எழுத்துருவையும் உள்ளே வைக்க விரும்பினால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளதை வையுங்கள், விலைக்கு வாங்கிய எழுத்துருவை அப்படிச் சேர்க்க அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

சோதித்து வெளியிடுங்கள்

இபப்செக் என்ற கருவியில் ஒருமுறை போட்டால் கட்டமைப்புப் பிழைகளைச் சொல்லிவிடும். பிறகு கணினியில் தோரியம் என்ற வாசிப்புச் செயலி, கைபேசியில் அதுபோல ஏதாவது ஒன்று, கிடைத்தால் ஒரு கிண்டில், மூன்றிலும் திறந்து பாருங்கள். எழுத்தை மிகப் பெரிதாக்கியும் இரவு நிறத்துக்கு மாற்றியும் பாருங்கள், நீங்கள் பின்னணி நிறத்தைக் கட்டாயப்படுத்தியிருந்தால் அப்போதுதான் தெரியும். திரைவாசிப்பானை இயக்கி ஓர் அத்தியாயத்தைக் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய துணைக்கால் பிழைகளைக் காது பிடித்துவிடும்.

கிண்டிலுக்குத் தனிக் கோப்பு தேவையில்லை, 2022 முதல் மின்னஞ்சல் வழியாக இபப்பையே அனுப்பலாம். விற்க வேண்டுமானால் அமேசானின் நூல் வெளியீட்டுத் தளமான கேடிபியில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்களை ஏற்கிறார்கள், அட்டைப்படம் 1600க்கு 2560 புள்ளிகள் இருந்தால் நல்லது. ஆனால் பொதுவுரிமை நூலை விற்பனைக்குப் போடுவதைவிட ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற இடத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாக வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன், மக்கள் பணத்தில் நாட்டுடைமையான நூல் என்றால் இன்னும் அதிகமாக. இபப்போடு கூடவே வெறும் உரைக்கோப்பையும் ஸ்கேனையும் சேர்த்து ஏற்றுங்கள். உரைக்கோப்பு இருந்தால் நாளைக்கு வேறொரு வடிவம் வந்தாலும் யாராவது மாற்றிக்கொள்வார்கள், ஸ்கேன் இருந்தால் உங்கள் திருத்தம் சரியா என்று பார்த்துக்கொள்வார்கள்.

கடைசிப் பக்கத்தில் எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, யார் தட்டச்சு செய்தது, யார் மெய்ப்புப் பார்த்தது, இந்தக் கோப்பின் தேதி, பிழை கண்டால் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி, இவ்வளவையும் போடுங்கள். பிழை சொல்லி யாராவது எழுதினால் திருத்தி, தேதியை மாற்றி, பழைய கோப்பு இருந்த அதே முகவரியில் புதியதை ஏற்றிவிடுங்கள்.