பண்புகளை வைத்துத் தாவரச் சமூகத்தைக் கணிப்பது எப்படி?

ஒரு புல்வெளியில் எந்தச் செடி எவ்வளவு இருக்கும் என்று அவற்றின் பண்புகளைக் கொண்டே கணிக்க முடியுமா? முடியும் என்று பில் ஷிப்லி குழுவினர் 2006இல் சயின்ஸ் இதழில் காட்டினார்கள். அதை ஆர் (R) என்ற புள்ளியியல் கணினிமொழியில் செய்து பார்ப்போம். அதற்கான எஃப்டி (FD) என்ற கட்டளைத் தொகுப்பு ஒன்றே போதும். சொந்தமாக நிரல் எழுதி மெனக்கெட வேண்டாம்.

முதலில் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் இனங்களும் பண்புகளும்: ஒரு மில்லிகிராம் உலர் இலைக்கு எவ்வளவு பரப்பு, செடியின் உயரம், விதை எடை. மற்றொன்றில் இடங்களும் இனங்களின் பங்கும். உயரத்துக்கும் விதை எடைக்கும் மடக்கை எடுத்துவிடுங்கள். ட்ரை (TRY) என்ற தாவரப் பண்புகளின் தரவுத்தளத்திலிருந்தும் பண்புகளை எடுக்கலாம். ஆனால் நீங்கள் ஆராயும் இடத்திலேயே இலையைப் பறித்து அளப்பதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரே இனத்தின் இலை நிழலில் மெல்லிசாக அகன்றும் வெயிலில் தடித்தும் இருக்கும்.

அடுத்து ஃபங்க்ட்காம்ப் (functcomp) என்ற கட்டளை. இது ஒவ்வோர் இடத்துக்கும் பண்புகளின் சராசரியைத் தரும். அதிகம் உள்ள இனத்துக்கு அதிக எடை.

அப்புறம் மேக்ஸென்ட் (maxent). அந்தச் சராசரிகளையும் பண்பு அட்டவணையையும் வாங்கி, எந்த இனத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணிக்கும் கட்டளை இது. இங்கேதான் பலரும் சிக்குவார்கள். முந்தைய கட்டளைக்கு இனங்கள் நிரைகளில் (குறுக்கு வரிசைகளில்) இருக்க வேண்டும், இதற்கு நிரல்களில் (நெடுவரிசைகளில்). அதனால் பண்பு அட்டவணையை நிரை-நிரல் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இனங்களின் வரிசையும் மாறக் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். மூன்று இனங்களின் இலை அளவு 10, 20, 30. சமூகச் சராசரி 20. நடு இனம் மட்டுமே இருந்தாலும் 20 வரும், ஓர இனங்கள் பாதிப் பாதி இருந்தாலும் 20 வரும். நமக்குத் தெரியாத எதையும் கூடுதலாகக் கற்பிக்காமல், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இந்த முறை பிரிக்கும். சராசரி 26 என்றால் பங்கு மூன்றாம் இனத்தின் பக்கம் சாயும்.

சரி, இந்த மூன்று இனங்களுக்கு இன்னொரு பண்பையும் சேர்த்தால்? பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்று என்பதோடு மூன்று சமன்பாடுகள் ஆகிவிடும். விடை ஒன்றே ஒன்று. கணிப்பு அச்சு அசலாகப் பொருந்தும், பண்புகளுக்குப் பதில் கண்டபடி எண்களைப் போட்டாலும் பொருந்தும்! அதனால் பண்புகள் இனங்களைவிட மிகக் குறைவாக இருக்கட்டும். மேக்ஸென்ட்.டெஸ்ட்டையும் கட்டாயம் ஓட்டுங்கள். அது பண்புகளை இனங்களுக்கிடையே கலைத்துப்போட்டு, உங்கள் பொருத்தம் தற்செயலா என்று சோதிக்கும்.

புது இடத்தைக் கணிக்க, ஈரப்பதம் போன்ற சூழல் அளவோடு சராசரிகளைத் தொடர்புபடுத்தி, அதிலிருந்து வரும் சராசரியைக் கொடுங்கள். அதே இடத்தின் சராசரியைக் கொடுத்து அதே இடத்தைக் கணிப்பது உண்மையான கணிப்பு ஆகாது.

பின்சேர்க்கை: பண்பு அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள் இருந்தால் மேக்ஸென்ட் நின்றுவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பண்பு தெரியாத அரிய இனங்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய பங்குகளின் கூட்டுத்தொகை மறுபடி ஒன்று ஆகும்படி சரிசெய்யுங்கள். மிஞ்சியவை மொத்தத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.