அந்த உச்சம் ஹீலியமா, ஹைட்ரஜனா?

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அயனி எத்தனை வந்தது என்பதை உச்சங்களாகக் காட்டும் வரைபடத்தை, கொண்டுவந்து காட்டினார். வேகமான புரோட்டான் மோதியதில் ஹீலியம் அணுவின் இரண்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து வெளியேறிய நிகழ்வுகள், எதிர்பார்த்ததைவிட மும்மடங்கு. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. இதே படத்தை நானும் ஒருமுறை பெருமையோடு நீட்டியிருக்கிறேன்.

இந்தச் சோதனையில் புதியவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். கேபிளை மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வால்வை மூடிப் பார்க்காமல் நம்புவது

அயனிகளை அவை பறக்கும் நேரத்தை வைத்துப் பிரிக்கிறோம். நிறையை மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களையும் இழந்த ஹீலியத்துக்கு 4-ஐ 2-ஆல் வகுத்தால் 2. ஓர் எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் அதே 2. இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். எஃகுக் கலத்தை எவ்வளவு சூடேற்றி, எத்தனை நாள் பம்ப் போட்டாலும் சுவரிலிருந்து கசிந்துகொண்டே இருப்பது ஹைட்ரஜன்தான்.

நாம் தேடுவதோ மிகச் சின்ன எண். புரோட்டானின் வேகம் கூடக்கூட, இரட்டை அயனியாக்கம் (இரண்டு எலக்ட்ரான்களும் போவது) ஒற்றை அயனியாக்கத்தில் (ஒன்று மட்டும் போவது) சுமார் 0.26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஓர் எலக்ட்ரான் இன்னொன்றை எப்படித் தள்ளியது என்ற செய்தி அந்தச் சொற்பத்தில்தான் இருக்கிறது.

நான் மூன்று வாரம் ராப்பகலாக எடுத்த தரவு இப்படித்தான் வீணானது. மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஹீலியம் வால்வை மூடுப்பா" என்றார். மூடினேன். உச்சத்தில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. முடுக்கியில் சோதனை செய்ய அடுத்த முறை (பீம் டைம்) கிடைக்க ஏழு மாதம் ஆனது. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

வால்வை மூடி, அதே எண்ணிக்கைப் புரோட்டான்களைச் செலுத்தி அளந்து, அதைக் கழியுங்கள். பணம் இருந்தால் ஹீலியம்-3 வாங்குங்கள். அதன் எண் 1.5, ஹைட்ரஜனை விட்டு விலகி நிற்கும்.

இரண்டு எலக்ட்ரான்களையும் தனித்தனியாகக் கணக்கிடுவது

இரண்டு நிகழ்தகவுகளைப் பெருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். 1986-இல் ஐரோப்பிய துகள் ஆய்வகமான செர்னில், எதிர்மின்னூட்டம் கொண்ட எதிர்ப்புரோட்டானை மோதவிட்டபோது, அதே வேகப் புரோட்டானைவிட ஏறக்குறைய இருமடங்கு இரட்டை அயனியாக்கம் வந்தது. எளிய பெருக்கலில் மின்னூட்டத்தின் குறி காணாமல் போய்விடும். துகளே இரண்டையும் அடிப்பது ஒரு வழி. அது ஒன்றை அடிக்க, அந்த எலக்ட்ரான் மற்றதைத் தள்ளுவது இன்னொரு வழி. இவை ஒன்றோடொன்று குறுக்கிடும்போதுதான் குறியின் விளைவு தெரிகிறது.

வாயு அழுத்தம்

பாதியாக்கிப் பாருங்கள். கழித்த பிறகும் விகிதம் மாறினால், அளந்தது ஒற்றை மோதல் இல்லை.

டிடெக்டர் வோல்டேஜ்

குறைக்காதீர்கள். இரட்டை மின்னூட்ட அயனி இருமடங்கு ஆற்றலோடு வந்து விழும், ஒற்றையைத்தான் தவறவிடுவீர்கள்.