ருமேனியா வேலை: கையெழுத்திடும் முன் சம்பளத்தைக் கணக்கிடுவது எப்படி?

2025 இல் மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவர், ஹட்டன் நகரக் கொமியூனிகேஷன் கடை ஒன்றில் வைத்துத் தமது ருமேனிய வேலை ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். அதில் மாதச் சம்பளமாக இருந்த 4,050 லெய்யை (லெய் என்பது ருமேனிய நாணயம்) ரூபாயாக மாற்றி, அம்மாவின் அடகு நகையை எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தார். தொகைக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த 'ப்ரூட்' என்ற சொல்லின் பொருளை முகவர் அவருக்குச் சொல்லவே இல்லை.

'ப்ரூட்' என்றால் கழிவுகளுக்கு முந்திய சம்பளம், 'நெட்' என்றால் கைக்கு வரும் சம்பளம். நம் சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிவதைப் போல, ருமேனியாவில் ஓய்வூதியத்துக்கு 25 வீதமும் சுகாதாரக் காப்புக்கு 10 வீதமும் கழிக்கப்பட்டு, எஞ்சியதில் 10 வீத வருமான வரியும் பிடிக்கப்படுகிறது. அந்த ஆண்டின் சட்டபூர்வக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 4,050 லெய்தான். அதைப் பெறுவோருக்குரிய சலுகைகளைச் சேர்த்தும் கைக்கு வந்தது ஏறக்குறைய 2,574 லெய். ஆகவே, கடன் வாங்குவதற்கு முன் நெட் தொகையை எழுத்தில் கேளுங்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து பிடிப்பார்களா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து வேலை நேரத்தைப் பாருங்கள். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, நேரத்தை அளந்து கூலி கேட்பது பழக்கமில்லாதது. ஆனால் அங்கே சட்டம் நேரத்தைத்தான் அளக்கிறது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் வழமையான வேலை. மேலதிக நேரத்தைச் சேர்த்தாலும் பொதுவாக 48 ஐத் தாண்டக்கூடாது. மேலதிக நேரத்துக்குச் சம்பளத்துடன் ஓய்வு தரவேண்டும், இல்லையேல் குறைந்தது 75 வீதம் கூட்டிக் கொடுக்கவேண்டும். வருடத்துக்கு 20 வேலை நாட்களுக்குக் குறையாத சம்பள விடுமுறையும் உண்டு. சாதாரணப் பணியாளருக்கான தகுதிகாண் காலம் 90 நாட்கள் வரை இருக்கலாம். அதற்குள் முன்னறிவித்தல் இல்லாமலே வேலையை நிறுத்த முடியும் என்பதால், முதல் மூன்று மாதச் சம்பளத்தை நம்பித் தவணைக் கடன் எடுக்காதீர்கள்.

ஆவணங்களில் வரிசை முக்கியம். வேலை அனுமதியை ருமேனியக் குடிவரவு அதிகாரிகளிடம் எடுக்கவேண்டியவர் தொழில் வழங்குநரே. அது கிடைத்த பிறகுதான் நீங்கள் நீண்டகால வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்க வேண்டாம். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். பயணத்துக்கு முன் பணியகப் பதிவையும் முடித்துவிடுங்கள்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் பிரதிகளில் ஒரு கட்டு உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் இருக்கட்டும்.