வில் வாங்குமுன் நாண் இடைவெளியை அளந்து பாருங்கள்

திருகோணமலையில் காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் உருளை பூட்டிய நவீன வில்) பழக வருவோர் முதலில் விசாரிப்பது அம்பின் வேகத்தை. நானோ பிடியின் குழிவிலிருந்து நாண் வரையுள்ள தூரத்தை, அதாவது நாண் இடைவெளியைத்தான் முதலில் அளப்பேன். அது 6 அங்குலமானால் வேகம் கூடும். ஆனால் அம்பு நாணோடு கூடுதல் தூரம் ஒட்டிச் செல்வதால், மணிக்கட்டின் சிறு முறுக்கலும் அதில் ஏறிவிடும். 7 அங்குலமென்றால் அம்பு முன்னதாகவே விடுபடும், கைப்பிழையும் அவ்வளவாகத் தெரியாது. கச்சான் காற்று ஆளையே உலுக்கும் மாதங்களில் இது பெரிய உதவி.

வில்லின் நீளமும் முக்கியம்; நீண்ட வில் கையில் குறைவாகவே திரும்பும். குட்டை வில், மரத்தில் ஏறியிருந்து மானுக்குக் குறிவைக்கும் அமெரிக்க வேட்டைக்காரருக்கு வசதி. வெட்டவெளியில் இலக்குப் பலகைக்கு எய்யும் நமக்கு எதற்கு?