சுன்னத்துக்கு அப்புறம் வீக்கமும் எரிச்சலும் விடவில்லையா? இதைச் செய்து பாருங்கள்

எனக்கு 46 வயதில் சுன்னத் செய்தார்கள். பத்து வருடமாகச் சர்க்கரை. முன்தோல் வெடிப்பதும் ஆறுவதுமாக இருந்து, கடைசியில் பின்னால் தள்ளவே முடியாதபடி இறுகிவிட்டது. சர்க்கரை உள்ள ஆண்கள் பலருக்கு வருகிற பிரச்சினைதான், யாரும் வாய் திறப்பதில்லை. ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டரை மாதம் பட்ட பாட்டில் பாதி, விஷயம் தெரியாமல் பட்டது. இன்னொருவர் அப்படிப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வீக்கம் வேறு, எரிச்சல் வேறு. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, புண் பழுத்துவிட்டது என்று பயந்து மருந்துக்கு மேல் மருந்தாகத் தடவினேன்.

முதலில் வீக்கம். தையலுக்கும் மொட்டுக்கும் (ஆணுறுப்பின் நுனி) நடுவில், அதிலும் அடிப்பக்கமாக, நீர் கோத்து ஒரு சின்னப் பை போலத் தொங்கும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக மேலே வரும். பெரிய வலி இருக்காது. தோலை வெட்டும்போது நிணநீர் வடிகிற நுண்குழாய்களும் அறுந்துபோகின்றன. அவை புது வழி பிடிக்கிற வரை நீர் அங்கேயே தேங்கும். மற்ற இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். இந்த அடிப்பக்க வீக்கம் மட்டும் ஆறேழு வாரம், சிலருக்குச் சில மாதங்கள்கூட இழுக்கும். காலையில் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் இருந்தால் பெரும்பாலும் அது தேங்கின நீர்தான்.

அதைத் தொங்கவிடக்கூடாது. காற்றாட இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னதால், கைலியோடு நாள் முழுக்கக் கடையில் நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. டாக்டர் சொன்னது சின்ன மாற்றம்தான்: உடம்போடு ஒட்டி நிற்கிற பருத்தி ஜட்டி, அதற்குள் உறுப்பு தொப்புளைப் பார்த்தபடி மேல்நோக்கி இருக்க வேண்டும். மூன்றே நாளில் வித்தியாசம் தெரிந்தது. ஆறாவது வாரம் சரியாகிவிட்டதென்று பைக்கில் வெளியூர் போய் வந்தேன், மறுபடி வீங்கியது. உடலுறவும் சுயஇன்பமும் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் வேண்டாம். டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான்.

எரிச்சல் கதை வேறு. தோல் சிவந்து, பளபளத்து, ஓரத்தில் செதில் செதிலாக உரிந்தது. அரிப்பில் தூக்கமே இல்லை. நான் செய்தது என்ன தெரியுமா? குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி, இரண்டு வேளை பழுப்பு நிற அயோடின் மருந்து, ஒரு ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட். போதாததற்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு கிரீம். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தன. இரண்டு நாள் சிவப்பு அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், புண் ஆறுவதைத் தாமதிக்கும், பூஞ்சையையும் வளரவிடும். சில ஆயின்ட்மென்ட்டில் இருக்கிற நியோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் சிலருக்கு ஒவ்வாது.

தடவுவதையெல்லாம் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். மேஜையில் பரப்பினேன். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "வெறும் தண்ணீர் போதும்" என்றார். சோப்பு இல்லாமல் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாஸ்லின். ஜட்டியில் சோப்புத்தூள் தங்காமல் இரண்டு தடவை அலசுவது. ஒன்பது நாளில் சிவப்பு போய்விட்டது. ஆனால் உங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதையெதைத் தடவுகிறீர்கள் என்று அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மொட்டு துணியில் உரசினால் கூசும், எரியும். அது சில வாரங்களில் பழகிவிடும். மேலே மஞ்சளாக ஒட்டியிருக்கிற மெல்லிய படலம் சீழ் இல்லை, சுரண்டாதீர்கள். தையல் நூல் குத்தினாலும் இழுக்காதீர்கள், பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

சர்க்கரைக்காரர்கள் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அந்த ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் கழுவி ஒற்றிவிடுங்கள்.

காய்ச்சல், பரவுகிற சிவப்பு, நாற்றமடிக்கிற சீழ், தோல் கறுத்துப்போவது, சிறுநீர் அடைப்பது, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் – இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாதங்கள் ஆகியும் வெள்ளையாக, தடித்த திட்டு தெரிந்தாலோ, சிறுநீர்த் துவாரம் சுருங்குவது போலிருந்தாலோ அது லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்கிற தோல் நோயாக இருக்கலாம். சுன்னத் செய்த பிறகும் அது தொடரக்கூடும். வெட்டிய தோலைப் பயாப்சிக்கு (நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யூராலஜிஸ்ட்டிடம் போகும்போது அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.