பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம் அகலமும் டயர் அளவும் தேர்ந்தெடுக்கும் முறை

டயரின் அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதன் மொத்த விட்டத்தை முடிவு செய்துவிட வேண்டும். கியர் விகிதம், வேகமானி காட்டும் எண், தரையிலிருந்து வண்டி நிற்கும் உயரம் ஆகிய மூன்றும் அந்த விட்டத்தை வைத்தே கணக்கிடப்பட்டவை. எனவே, வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த டயரின் அளவைக் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்வதே முதல் வேலை.

1962-இல் அறிமுகமான எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 5.60-14 என்னும் கிராஸ்பிளை டயருடன் (உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் பழைய வகை) வந்த அந்த வண்டிக்குப் பின்னாளில் 165 ஆர் 14 ரேடியல் (இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும் வகை) பரவலாகப் பொருத்தப்பட்டது. இதில் 165 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம், 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இப்படிப் பக்கச்சுவர் விகிதம் (அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது) அச்சிடப்படாத பழைய ரேடியலுக்கு அந்த விகிதத்தை ஏறத்தாழ 82 விழுக்காடு என்று கொள்ள வேண்டும். 165 மி.மீ.-இல் 82 விழுக்காடு 135. அதை இரட்டித்து, 14 அங்குல ரிம்மின் 356 மி.மீ.-ஐக் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 626 மி.மீ. இதே முறையில், 70 விழுக்காடு பக்கச்சுவர் கொண்ட 185/70 ஆர் 14 டயருக்குக் கணக்கிட்டால் 615 வருகிறது. வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் தாராளமாக ஏற்கலாம். 195/60 ஆர் 14 டயரோ 590 மட்டுமே. அதைப் பொருத்தினால் வண்டி 18 மி.மீ. தாழும், திருச்சி நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் ஆறு விழுக்காடு கூடுதலாகச் சுழலும், நம் ஊர்களின் வேகத்தடைகளில் சைலன்சர் குழாய் உரசும். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்பதற்காக இந்த அளவைப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விட்டம் முடிவானபின் ரிம்முக்கு வரலாம். ரிம்மின் அகலம் என்பது டயரின் விளிம்பு உட்காரும் இரு உட்பக்கச் சுவர்களுக்கு இடையிலான தூரமே தவிர, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளப்பது அன்று. எம்ஜிபியின் 60 கம்பிச் சக்கரம் நாலரை அங்குல அகலம் கொண்டது. அதற்கு 165 டயர் சரியாகப் பொருந்தும். 185/70 போட விரும்பினால் 72 கம்பிகள் கொண்ட ஐந்தரை அங்குலச் சக்கரத்துக்கு மாறுவது நல்லது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவுகளில் வண்டி தள்ளாடும். டயரின் நடுப்பகுதி முதலில் தேயும். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரிந்து நிற்கும் என்பதையும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியை அளக்கும்போது இடப்பக்கப் பின்சக்கரத்தையும் வலப்பக்கப் பின்சக்கரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். கையால் பற்றவைத்துச் சேர்த்த பழைய உடல்களில் இடப்பக்க மட்கார்டும் வலப்பக்க மட்கார்டும் ஒரே இடைவெளி தருவது அரிது. முன்சக்கரங்களை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், பின்பகுதியில் எடை ஏற்றி ஸ்பிரிங்கைத் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் சக்கரம் வண்டியில் பொருந்தும் முகப்புக்கும் உள்ள தூரம்) மாறிச் சக்கரம் வெளியே தள்ளி நின்றால் உரசல் மட்டுமன்றி வேறு தொல்லைகளும் வரும்: சக்கர பேரிங்கின் மீது சுமை கூடும், சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சி ஸ்டியரிங் வழியாக நேரே கைக்கு வரும்.

அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. காற்றழுத்தமும் எடையும் மாறாதபோது, தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும். நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, அவ்வளவே. மழைநீர் தேங்கிய சாலையில் குறுகிய டயரே நீரை எளிதில் பிளந்து செல்லும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை வளவு வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குத் திருப்பி எடுப்பவருக்கு ஒவ்வொரு பத்து மி.மீ.-உம் தோளில் தெரியும். எம்ஜிபியின் தொண்ணூற்றைந்து குதிரைத் திறன் கொண்ட எஞ்சினுக்கு 185-ஐத் தாண்டிய அகலம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

செட்டிநாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடும்பத்தார் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, இங்குள்ள பல கார்கள் திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் மட்டுமே வெளியே வருகின்றன. பட்டன் தேயாமலே டயர் வெயிலில் இறுகிப்போகும். ஆகவே வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டு கடந்த டயரை, எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், கழற்றிவிட வேண்டும். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடும், தாங்கும் வேகத்தைக் காட்டும் வேக எழுத்தும் கையேடு கேட்பதற்குக் குறையக் கூடாது. ரேடியலையும் கிராஸ்பிளையையும் கலக்காதீர்கள்; குறிப்பாக முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் இருந்தால் வளைவில் பின்பகுதி திடீரென வழுக்கிவிடும்.

கம்பிச் சக்கரத்துக்கு ரேடியலுக்கு உரிய டியூப் கட்டாயம் தேவை. கம்பி முனைகளை மூடும் ரிம் பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, டயரின் உட்புறம் ஒட்டியுள்ள காகிதச் சீட்டையும் உரித்துவிடச் சொல்லுங்கள். ஓட ஓட அது டியூபைத் தேய்த்துப் பஞ்சராக்கும்.

பொருத்தியபின், இருவர் அமர்ந்து காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை சென்று வந்து, மட்கார்டின் உட்புறத்தில் பளபளப்பான உரசல் தடம் விழுந்திருக்கிறதா என்று டார்ச் விளக்கில் பாருங்கள். நடுவில் ஒற்றை நட்டு கொண்ட சக்கரமானால், அதை அன்றே ஜாக்கியில் தூக்கிச் செம்புச் சுத்தியலால் மறுபடியும் இறுக்க வேண்டும்.